ஒன்றே முக்கால் மணி நேரம்

இருட்டும் மூடிய கதவும் தனித்தனியாக வந்தால் நல்லுசாமி சமாளித்துவிடுவார். இரண்டும் சேர்ந்து வரக் கூடாது.

துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறையில் வெல்டராக இருந்தபோது நடந்தது அது. பாய்லர் டிரம் என்ற பெரிய இரும்பு உருளைக்குள் ஊர்ந்து போய், உள்பக்கம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஷிப்டு மாறியது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் எவனோ கரண்ட்டை நிறுத்தி, நுழையும் ஓட்டையை மூடி போல்ட்டை முறுக்கிவிட்டான். நாற்பது நிமிடம். சுத்தியலால் தட்டித் தட்டிக் கை ஓயும் நேரத்தில்தான் வெளியே ஒருவர் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகும் இருபது வருடம் வெல்டிங் வேலைதான். டிரம்முக்குள் மட்டும் இறங்கவில்லை. லிஃப்ட் ஏற மாட்டார். சினிமாக் கொட்டகை ஆகாது. மலைக்கோட்டைக்குப் போனால், மனைவி அம்மணி உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு இறங்கும்வரை கீழேயே நிற்பார். பாறையைக் குடைந்த அந்தப் படிக்கட்டை நினைத்தாலே மூச்சு முட்டும். ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறக்கிற நாளில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் முங்கி எழுந்து, இருந்த இடத்திலிருந்தே ரெங்கநாதரைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார். கேட்டால் முழங்கால் வலி என்பார். உண்மை தெரிந்த ஒரே ஆள் அம்மணிதான்.

மகள் இளவேனில் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப் போய், பேசி முடிக்க அப்பா அம்மாவை வரச் சொல்லியிருந்தாள். விமானத்துக்கு மனதைத் தேற்றியாகிவிட்டது. விளக்கு எரியும், சன்னல் இருக்கும். ஆனால் பையனின் அம்மா ஆப்பராவில் கூட்டத்தோடு சேர்ந்து பாடுகிறவர். சம்பந்தி வருகிறார்கள் என்று, தான் பாடுகிற ஆப்பராவுக்கே கூப்பிட்டுவிட்டார்.

"ஆப்பரான்னா என்னம்மா?" என்று போனில் கேட்டார் நல்லுசாமி.

"கதை முழுக்கப் பாட்டாவே பாடுவாங்கப்பா. மைக்கே கிடையாது. மூணு ஓடுது, முதல் தடவை பாக்குறீங்க, நீங்களே ஒண்ணைச் சொல்லுங்க. ராஜா கதை நாலரை மணி நேரம். சிரிப்புக் கதை மூணு மணி. மீனவர் கதை ஒண்ணே முக்கால்தான்."

"லைட்டை அணைப்பாங்களா?"

"அணைக்காம?"

"மீனவர் கதையே போடு."

"ராஜா கதை நல்லாருக்கும்ப்பா. அத்தை அதுலதான் நிறையப் பாடுறாங்க."

"எனக்கு மீனுதான் புடிக்கும்."

அவள் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

நல்லுசாமி முசிறிப் பக்கத்துக்காரர். கூத்து பார்த்து வளர்ந்தவர். மண்தரையில் ஓரமாக உட்காருவார். சலித்தால் எழுந்து போய் டீ குடிப்பார். வருவதற்குள் ராஜா செத்திருந்தால், எப்படிச் செத்தான் என்று பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்வார். ஆப்பராவும் அப்படித்தான் இருக்கும், இரண்டு தரம் வெளியே போய் வந்தால் தீர்ந்தது என்று நினைத்திருந்தார்.

அந்த நினைப்பை பிலோமின்ராஜ்தான் உடைத்தார். பழைய பட்டறைக் கூட்டாளி. ரோமாபுரிக்கு யாத்திரை போன இடத்தில் ஒரு ஆப்பரா பார்த்தவர்.

"ஒண்ணே முக்கால் மணின்னா நடுவுல இடைவேளையே விட மாட்டான்யா," என்றார், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி.

"நாமளா எந்திரிச்சுப் போயிட்டு வரலாம்ல?"

"எங்க போறது? வரிசைக்கு முப்பது பேரு முட்டிக்கு முட்டி இடிச்சு உக்காந்திருக்கான். கதவைச் சாத்திருவான். இருமுனாக்கூட திரும்பி மொறைக்கிறான். நான் கர்ச்சீப்பை வாயில திணிச்சுக்கிட்டுல்ல கெடந்தேன்! வெளிய போனவனைத் திரும்ப உள்ள விடவும் மாட்டான்."

நல்லுசாமிக்கு அந்தக் காட்சி இப்போதே கண்ணில் ஓடியது. சம்பந்தியம்மா மேடையில் பாடுகிறார். பெண்ணைப் பெற்றவன் முப்பது பேர் முழங்காலை மிதித்துக் கத்திக்கொண்டு ஓடுகிறான். ஓடிப் போயும் கதவு திறக்காவிட்டால்? கையில் சுத்தியல்கூட இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் பீரோ அறையின் சன்னலைச் சாத்தினார். விளக்கை அணைத்து, உள்தாழ்ப்பாள் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மணி கடிகாரத்தோடு வெளியே நின்றாள்.

"எவ்வளவு ஆச்சு?"

"நாலு நிமிசங்க."

"பொய் சொல்லாத. அரை மணியாவது ஆயிருக்கும்."

"நாலுதாங்க."

கதவு படாரென்று திறந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பாப்பாகிட்ட சொல்லிருங்க," என்றாள் அம்மணி.

"சொல்லி? எங்கப்பன் ஒரு பயந்தாங்கொள்ளின்னு அவ அங்க போய்ச் சொல்லணுமா?"

"அங்க போய் ஓடுனா மட்டும் வீரனா?" அவளே போனைப் போட்டு அவர் கையில் திணித்தாள்.

டிரம்மைப் பற்றி நான்கு வாக்கியம் சொன்னார்.

"அம்மாடி, கேக்குதா?"

"ஸ்கூல் ஆண்டு விழாவுல நான் டான்ஸ் ஆடுனேன். ஆடுன மூணு வருசமும் நீங்க ஹாலுக்குள்ளயே வரல. என் டான்ஸு புடிக்கல போலன்னு நெனச்சேன்ப்பா."

"கதவு இடுக்குல பாத்தேம்மா. பச்சைப் பாவாடை. ரெண்டாவது வரிசையில கடைசி ஆளு."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "மீனவர் கதை வேணாம். ராஜா கதையே போடுறேன்."

"நாலரை மணி நேரமா!"

"ரெண்டு இடைவேளை இருக்குப்பா. ஓரத்து சீட்டு, கதவுக்குப் பக்கத்துல. வாசல்ல நிக்கிறவங்ககிட்ட முன்னாடியே பேசிடுறேன். அத்தைகிட்டயும் சொல்லிடுறேன்."

"அவங்ககிட்ட எதுக்கும்மா?"

"நீங்க எந்திரிச்சுப் போனா அவங்க பாட்டு புடிக்கலைன்னு அவங்களும் நெனச்சுக்கக் கூடாதுல்ல?"

"மொத இடைவேளை எப்ப விடுவான்?" என்றார்.

"ஒண்ணே கால் மணி நேரத்துல."

போனை வைத்தார். வேறு சட்டை மாற்றிக்கொண்டு மறுபடி பீரோ அறைக்குள் போனார்.

"அம்மணி, கடிகாரத்தை எடு. இந்தத் தடவை தாழ்ப்பாள் போடல. நீ கதவோரமாவே நில்லு."