இறங்கும்வரை மீன் இல்லை

புவனேஸ்வரி ரீச்சரின் சாவுச் செய்தி வந்தபோது நான் கைத்தொலைபேசியில் விண்கலச் செய்தியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அழைத்தது அவருடைய தங்கை வசந்தி. "சேர், அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். அழுகைக்கு நடுவிலேயே, "அவை இறங்கிட்டினமோ எண்டுதான் கடைசியாக் கேட்டவ" என்றும் சொன்னார். இல்லை, இறங்கவில்லை. விண்வெளி நிலையத்திலிருந்து நால்வர் திரும்ப வேண்டிய கலம், இறங்குமிடத்தில் கடல் கொந்தளிப்பு என்று தள்ளித்தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

உடுப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் எங்களோடு படிப்பித்த எல்லாருக்கும் அவருடைய விரதம் தெரியும். மனிதர் ஏறிய கலம் ஒன்று கிளம்பினால், அது திரும்பும்வரை ரீச்சர் மீன் தொடமாட்டார். வல்வெட்டித்துறையில் பிறந்து, விளைமீன் குழம்பென்றால் உயிரை விடுகிற மனிசி! "ரீச்சர், அங்கை எப்பவும் ஆக்கள் இருக்கினமே, அப்ப சாகும்வரை மரக்கறிதானோ?" என்று சீண்டினேன். "ஒருக்கா ஒரு கலத்துக்குத்தான் சேர். மற்றவைக்கு வேறை ஆரும் பிடிக்கட்டும்" என்றார், சிரிக்காமல்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் ஏவுகலம் எழும்புவதைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம். அவர் மேசையில் ஓங்கி அடித்தார். "என்ன அவசரம்? அப்பா கப்பலேறேக்கையும் ஊரே கரையிலை நிண்டு கைதட்டினது. அவர் திரும்பி வரேல்லை. ஆக்கள் இறங்கட்டும், பிறகு தட்டுங்கோ." அதன்பின் அந்த அறையில் யாரும் கைதட்டியதில்லை.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கும் வழக்கப்படி, வசந்தி விளைமீன் குழம்பு வைத்திருந்தார். அகப்பை வாழையிலைக்கு மேலே வந்துவிட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பொறுங்கோ தங்கச்சி, அவை இன்னும் இறங்கேல்லை."

"செத்தவவுக்கு என்ன விரதம், சேர்?" என்று கோபமாகத்தான் கேட்டார். கலம் நிலையத்தை விட்டு வெளிக்கிட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் என்னையே பார்த்துவிட்டுச் சட்டியை மூடினார். சொந்தக்காரர் முணுமுணுத்தார்கள். நான் விறாந்தைக்கும் முற்றத்துக்குமாக நடந்தேன். பிள்ளையாரை வேண்டினேன், பிறகு திட்டினேன்.

பொழுதுபடும் நேரத்தில், கைத்தொலைபேசியில் நான் பார்த்துக்கொண்டிருக்க, கலம் வான்குடை விரித்துக் கடலில் இறங்கியது. கதவு திறந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். "நாலுபேரும் வந்திட்டினம்" என்றேன்.

வசந்தி அகப்பையை எடுத்தார். "அக்கா, எல்லாரும் வந்திட்டினம். இனிச் சாப்பிடுங்கோ."

செத்தவீட்டில், அந்தப் படையலுக்கு முன்னால் நின்று, நான் கைதட்டினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

ரீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தத் தவிப்புத்தான். அடுத்த கலம் நேற்று ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் இன்று மரக்கறி.