நிலாவுக்குப் போகாத விண்கலமும் கரியாலூர் போன வேனும்

அட்டை விண்கலத்தைக் கையில் ஏந்தி ஊர் ஊராக விஞ்ஞானம் விளக்குவதும் ஒரு பிழைப்புதான். அதைச் செய்த சக பாவிகளுக்கு நான் சொல்லப்போவது புதிதில்லை. இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருஷங்களில் எங்கள் கண்காட்சி வேன் கள்ளக்குறிச்சிப் பக்கம் சுற்றியது. டிரைவர் கலியபெருமாள் தற்காலிகம். மலைமேல் இருக்கும் கரியாலூர் போன அன்று அவருக்கு நிலைகொள்ளவில்லை. மறுநாள் காலை கடலூரில் நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு.

ஏற்றத்தில்

மறியல் என்று பங்க்குகளை மூடிவிட்டார்கள். அவர் கண் டீசல் முள்ளை விட்டு நகரவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று பாடம் எடுத்தேன். என் வியாதி அது. இறக்கை வைத்த விண்கலம் பூமியைச் சுற்றி வரத்தான் லாயக்கு. நிலாவுக்குப் போக இன்னும் எரிபொருள் வேண்டும். அங்கே காற்று இல்லாததால் நிற்கவும் எரிபொருள், திரும்பக் கிளம்பவும் எரிபொருள், அத்தனையையும் தூக்கிப்போக மேலும் எரிபொருள்.

கியரை மாற்றியபடி அவர் சொன்னார்: “சார், பங்க் மூடிக்கெடக்கற நாள்ல இத்த சொல்லாதீங்க.”

கரியாலூரில்

பள்ளிக்கூடத்தில் நல்ல கூட்டம். வெளியே கலியபெருமாள் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். சாமை மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நின்ற ஒரு பெண், இந்த விண்கலம் நிலாவுக்குப் போகாதென்றால் முன்பு அங்கே போனவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்று கேட்டார். பனைமரத்தைவிடப் பல மடங்கு உயரமான ராக்கெட்டில் கிளம்பி, காலியான பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, கடைசியில் சின்னக் கூண்டு ஒன்றில் மட்டும் கடலில் வந்து விழுந்தார்கள் என்றேன்.

“அப்ப, தூக்கிக்கினு போனதையெல்லாம் வழியிலயே வுட்டுட்டு வந்துட்டாங்க.”

இறக்கத்தில்

எஞ்சினை அணைத்து மலையிறங்கினோம். விண்கலமும் தரையிறங்கும்போது இப்படித்தான், எஞ்சின் ஓடாமல் மிதந்து வரும் என்றேன். அடிவாரத்தில் சாலைக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது. மறியல் செய்தவர்கள் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்கள். விண்கலத்தைக் காட்டினேன். கைலி கட்டிய ஒருவர் எத்தனை பேர் போகலாம் என்று விசாரித்தார். ஏழு பேர்.

“அந்த ஏழு பேர எந்தக் கணக்குல எடுக்கறாங்க சார்?”

மரத்துக்கு அந்தப் பக்கம்

கலியபெருமாள் மரத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் நேர்முகத் தேர்வு விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மரத்தை நகர்த்த முடியாது, வேலைக்காகத்தானே மறியலே. ஆனால் கைலிக்காரர் மரத்துக்கு அந்தப் பக்கம் தன் மொபெட்டைக் கிளப்பினார். சங்கராபுரத்தில் விட்டால் பால் வண்டி பிடித்துப் போய்விடலாம், அதை யாரும் மறிப்பதில்லை. நாலு பேர் கலியபெருமாளைக் கிளைகளுக்கு மேலே தூக்கிவிட்டார்கள். நானும் மரத்தைத் தாண்டக் காலைத் தூக்கினேன்.

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தபடி கலியபெருமாள் சொன்னார்: “வாணாம் சார், வெயிட்டு ஜாஸ்தியானா நானும் போய்ச் சேர மாட்டேன்.”

அவருக்கு வேலை கிடைத்தது. நிலாப் பயணத்தில் வழியில் கழற்றிவிடப்பட்ட பாகங்களைப் பற்றி அன்று முதல் நான் கொஞ்சம் மரியாதையோடுதான் விளக்கி வருகிறேன்.