மூன்று மாடிக்கு ஒரு சட்டை

ஏணி என்ற பட்டப்பெயரைச் சொன்னால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். பெயிண்டர். ஏணியை யார் கையிலும் கொடுக்க மாட்டாள். தானே தூக்கி வருவாள், தானே ஏறுவாள். பதினோரு வருஷம் மேஸ்திரிகளிடம் சுவருக்குப் பட்டி பூசித் தேய்த்தவள், இன்று முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு வேலையைப் பிடிக்க வந்திருந்தாள். மூன்று மாடிப் பள்ளிக்கூடம், முழுசாக. காலையிலிருந்தே உள்ளங்கை நமநமவென்றிருந்தது.

தலைமையாசிரியைக்குத்தான் எந்த நிறமும் பிடிக்கவில்லை. பன்னிரண்டு நிறங்களைச் சுவரில் தீற்றிக் காட்டியாகிவிட்டது. ஒன்று சோகையாம், ஒன்று ஆஸ்பத்திரியாம். நாலு மணிக்கு இன்னொரு காண்ட்ராக்டர் வேறு வருகிறார். குனிந்து டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்த ஏணியின் தூக்கி நின்ற காலரின் அடிப்பக்கத்தை அம்மையார் திடீரென்று தொட்டார்.

"இதோ. இந்தக் கலர்தான் வேணும்."

ஏணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அக்கா வாங்கித் தந்த சட்டை. வருஷம் தவறாமல் ஒன்று தருவாள். ஒவ்வொன்றும் ஊரைக் கூட்டும் நிறம். இது ஆரஞ்சும் இல்லை, சிவப்பும் இல்லை, இரண்டும் போட்ட சண்டை. இதையெல்லாம் மனுஷி போடுவாளா? எல்லாவற்றையும் ஏணி பெயிண்ட் வேலைக்குத் தள்ளிவிட்டாள். போனில் மட்டும், "விசேஷத்துக்குப் போட்டேன்க்கா, எல்லாரும் கேட்டாங்க" என்று கூசாமல் புளுகுவாள்.

வெயிலில் வெளுத்த சட்டையில் காலருக்கு அடியில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு அசல் நிறம். அதை வைத்து மூன்று தடவை கலந்தாள். காய்ந்ததும் மூன்றும் வேறு வேறு. மணி இரண்டரை. வேறு வழியில்லாமல் போன் போட்டாள்.

"போன வருஷம் குடுத்தியே, அந்தச் சட்டை எந்தக் கடைக்கா?"

"ஏன்டி? எங்கிட்டயே ஒண்ணு இருக்கு. உனக்கு எடுக்கும்போது எனக்கும் எடுப்பேன்ல."

"எடுத்துக்கிட்டு ஓடி வா."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அக்கா இந்தக் கோலத்தைப் பார்ப்பாளே என்று. மாற்றுச் சட்டையும் இல்லை. ஆனால் மூன்று மாடி, மூன்று மாடி என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மூன்றேகாலுக்கு அக்கா மூச்சிரைக்க வந்தாள். உறைகூடப் பிரிக்காத சட்டை. ஏணி அதை வெளிச்சத்தில் விரித்துவைத்து, மஞ்சள் இரண்டு சொட்டு, சிவப்பு ஒன்று, திரும்பவும் மஞ்சள் என்று சேர்த்தாள். சுவரில் ஒரு இழுப்பு இழுத்து, காயும்வரை அட்டையால் விசிறினாள். சட்டையை ஒட்டிப் பிடித்தபோது எது துணி, எது சுவர் என்று தெரியவில்லை.

"நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க" என்றார் தலைமையாசிரியை.

ஏணிக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் திரும்பினால், அக்கா ஏணி போட்டிருந்த சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சை, நீலம், சுண்ணாம்பு, எல்லாம் அதில் இருந்தன.

"பொய் சொல்லிட்டேன்க்கா. எதையும் விசேஷத்துக்குப் போடல. எல்லாத்தையும் வேலைக்குத்தான் போட்டேன்."

அக்கா உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "நான் ஒண்ணைக்கூடப் போட்டதில்லடி. ஆசையா எடுப்பேன். கண்ணாடி முன்னால வச்சுப் பார்ப்பேன். அதைப் போட்டுக்கிட்டுத் தெருவுல இறங்கத் தைரியம் வராது. உனக்கு வரும்னுதான் உனக்கும் எடுத்தேன்."

ஏணி புதுச் சட்டையை உதறிப் பிடித்தாள்.

"கையை நீட்டு."

அக்கா சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு ஒரு கையை நீட்டினாள்.