முதல் பைன் மரம் வரை

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் லாசரோ வண்டியின் முகப்பில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டை நிமிர்த்தி வைப்பார். மலை ஏற ஏற, காற்றழுத்தம் குறைந்து அது உப்பும். முதல் பைன் மரம் தெரிந்ததும் ஏ.சி.யை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, அப்புறம்தான் பிரிக்கலாம். அதற்குமுன் கை நீட்டினால் கையில் ஒரு தட்டு விழும், மனைவி ஒஃபேலியாவாக இருந்தாலும்.

ஃபீனிக்ஸ் என்ற பாலைவன நகரில் ஏ.சி. மெக்கானிக் அவர். அங்கே பெட்டிகளெல்லாம் கூரைமேல். ஊரைக் குளிர வைத்துவிட்டுத் தான் வேகிற பிழைப்பு. ஸ்பானர்களை ஐஸ் பெட்டியில்தான் வைத்திருப்பார். "வெயில்ல கிடந்த ஸ்பானரை ஒரு தடவை புடிச்சுப் பாரு, அப்புறம் சிரி" என்பார்.

போன வருடம் ஒரு கூரையில் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியிலேயே ஒஃபேலியா சத்தியம் வாங்கிவிட்டாள்: வெள்ளி சாயங்காலம் முதல் ஞாயிறு வரை கூரையே கிடையாது, அவள் அப்பா விட்டுப்போன மலைவீடுதான். அங்கே அவர் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டார். ஜூலை மாதத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, "என்னா குளுருடி இது" என்று சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்பில் அவருக்கு அப்படி ஒரு சுகம்!

போன வாரம் பாக்கெட் பாதிதான் உப்பியிருந்தது, போன் அடித்தது. பழைய வாடிக்கைக்காரி வெங்க்ளர் அம்மா. எண்பதைத் தாண்டிய தனிக்கட்டை.

"மத்தியானத்துலேர்ந்து ஏ.சி. ஓடலப்பா. அக்கம்பக்கத்துல எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க. ஆம்புலன்ஸுல பூனைய ஏத்த மாட்டாங்களாம். அதை விட்டுட்டு நான் எங்க போக?" குரல் குழறியது.

"ஊர்ல வேற மெக்கானிக்கே இல்லையா?" என்றாள் ஒஃபேலியா.

"வெள்ளிக்கிழமை எவன்டி போனை எடுப்பான்?"

"நீ ஒரு மகராசன் எடுத்தியே!"

லாசரோ வண்டியை ஓரங்கட்டினார். கிழவிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தக் கூரையில் தானே விழுந்துவிட்டால்? மனைவியைப் பார்த்தார்.

"என் மூஞ்சியில என்ன இருக்கு? திருப்புய்யா" என்றாள் அவள். இறங்கும் வழியெல்லாம் திட்டு. பாக்கெட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது.

வெங்க்ளர் அம்மா வீட்டுக்குள் அடுப்படி மாதிரி அனல். ஒஃபேலியா கிழவியை வண்டியின் ஏ.சி.யில் உட்காரவைத்து, ஈரத்துண்டு போட்டு, தண்ணீர் புகட்டினாள். கிழவி தெளிந்து, முதல் வேலையாகப் பூனையைக் கேட்டாள். லாசரோ அதற்குள் கையுறை மாட்டி, ஏணியைச் சாத்தியிருந்தார். ஒஃபேலியா வந்து ஏணியைப் பிடுங்கினாள்.

"சத்தியம் பண்ணினது மறந்துபோச்சா? திங்கக்கிழமை ஏறு. அந்தம்மாவும் பூனையும் நம்மகூட வரட்டும்."

"பூனையுமா?"

"நீ குளுருதுன்னு புலம்புறதைக் கேக்க எனக்கு மட்டும் என்ன தலையெழுத்தா?"

மறுபடி மலைப்பாதை. நடுவில் கிழவி, மடியில் கூண்டில் பூனை. பாக்கெட் பலூனாக உப்பிவிட்டது. பசி போலிருக்கிறது, கிழவியின் கை மெல்ல அதை நோக்கி நீண்டது.

லாசரோ சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்தக் கையில் ஒரு தட்டு தட்டினார்.