ஹஃபீஸா வரைந்த கொடிக்கால்

எங்கள் கடையில் கல்யாண மேடைக்குப் படம் வரைகிறவள் ஹஃபீஸா. அவள் வரைவதைப் பலகையில் செய்கிறவன் நான், தச்சன் இம்மானுவேல். ஏழு வருஷமாக அவள் பென்சிலைத் திட்டித்தான் எனக்குப் பொழுது விடிகிறது. காகிதத்தில் வளைவு போடுவது சுலபம். பிளைவுட்டை வளைக்கிறவனுக்கல்லவா கஷ்டம் தெரியும். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவள் மேடையில் யார் நின்றாலும் போட்டோவில் லட்சணமாக இருப்பார்கள். ஆல்பத்தில் போட்டோகிராபர் பேர் இருக்கும். வரைந்தவள் பேர் எங்கேயும் இருக்காது.

கே.கே. நகரில் நடனப் பள்ளி நடத்தும் ரோகிணி டீச்சர் கடைக்கு வந்தார். வெற்றிலைக் கொடிக்காலைப் பற்றி ஒரு பாலே போடுகிறாராம். பன்னிரண்டு பெண்கள் கொடிகளாக ஆடுவார்களாம். அதற்கு மேடையில் நிறுத்தும் அரங்க அமைப்புக்குப் படம் வேண்டும். படம் சரியாக வந்தால் அழைப்பிதழில் ஹஃபீஸா பேரை அச்சடிப்பேன் என்றார். அடுத்த சனிக்கிழமை அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது. அதற்குள் வராவிட்டால் கறுப்புத் திரையைக் கட்டி ஆடிவிடுவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஹஃபீஸாவுக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை.

சோழவந்தானுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டுக் கொடிக்காலுக்குள் நடந்து, அகத்தி மரத்தில் வெற்றிலைக்கொடி ஏறுவதைப் பார்த்து வந்தாள். மூன்றே நாளில் படம் தயார். பதினெட்டு மரங்கள், நடுவில் படிக்கட்டு, இரண்டு பக்கமும் பூந்தோரணம். இலையின் நரம்பைக்கூட விடவில்லை. நானே வாயைப் பிளந்தேன்.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கும்மா. என் பிள்ளைக எங்கிட்டு ஆடும்?"

எங்கள் தொழில் செய்த வேலை அது. கல்யாண மேடையில் கொஞ்சம் காலியிடம் தெரிந்தாலும் பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் நின்ற இடத்திலேயே நிற்கப் போகிறவர்கள், நாலடி போதும். மிச்சத்தை நிரப்பித்தான் எங்களுக்குப் பழக்கம். இருபத்து நான்கு கால்களை ஹஃபீஸா மறந்தே போனாள். எனக்கும் தோன்றவில்லை என்பதை நான் அங்கே சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று வியாழன். மறுநாள் காலை, குடோனில் இருந்த வெல்வெட் கார்ப்பெட்டையெல்லாம் வண்டியில் ஏற்றச் சொன்னாள். அதில் கால் வைத்தால் தடம் விழும், போட்டோவில் அசிங்கமாகத் தெரியும். அதனால் மிதித்தவனுக்கு அவள் விடும் டோஸ் மண்டப வாசல்வரை கேட்கும். அதே கார்ப்பெட்டை டீச்சரின் நடனப் பள்ளியில் மேடை அளவுக்கு விரித்து, துடைப்பத்தால் இழையை ஒரே பக்கமாக வாரிவிட்டு, "நல்லா மிதிச்சு ஆடுங்கம்மா, முழுசா ஆடணும்" என்றாள்.

ஆடி முடித்ததும் பார்த்தோம். மிதிபட்ட இடமெல்லாம் கலைந்து கிடந்தது. மிதிபடாத இடம் ஏழு திட்டுகளாகப் பளபளத்தது. டேப்பைப் பிடித்து அளந்து, மேலேயிருந்து பார்ப்பதுபோல் வரைந்தாள். திட்டுக்கு ஒரு மரம். ஏழாவது திட்டு நட்டநடுவில் இருந்தது.

"மறுபடி நடுவுல வச்சா டீச்சர் வைவாங்களேண்ணே" என்று தயங்கினாள். காலே படாத இடத்தில் வைப்பதற்கு யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று அதட்டி வரைய வைத்தேன்.

சனிக்கிழமை காலை டீச்சர் அந்தப் படத்தின்மேல் விரலை வைத்து, ஆட்டம் முழுவதையும் ஓட்டிப் பார்த்தார். விரல் எந்த மரத்திலும் முட்டவில்லை. கடைசி ஆட்டத்தில் அது நடு மரத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இம்புட்டு நாளா இல்லாத மரத்தைச் சுத்தித்தான் ஆடியிருக்குக. ஆட்டி வச்ச எனக்கே தெரியலையே."

அழைப்பிதழுக்குப் பேரைச் சரியாக எழுதித் தரும்படி பேனாவைக் கொடுத்தார். ஹஃபீஸா குனிந்து, படத்தின் ஓரத்தில் கடையின் போன் நம்பரை எழுதினாள். கடையில் எல்லாப் படத்துக்கும் அதைத்தான் எழுதுவாள். கை தானாகப் போய்விட்டது. டீச்சர் அதை அடித்தார்.

"இது கடைம்மா. வரைஞ்சது யாரு?"

ஹஃபீஸா மெதுவாகத் தன் பேரை எழுதினாள். எழுதிய பிறகும் பேனாவை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிளைவுட் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.