ஒரு மூடியும் கொசுறும்

தள்ளுவண்டியின் ஒற்றைச் சக்கரம் மணலில் புதைந்து நின்றது. உள்ளே கிடந்த நாயின் தலை தகரத்தில் முட்டியது. அது கத்தவில்லை. செகெசாய் கைப்பிடிகளை விட்டுவிட்டு முன்னால் போய்ச் சக்கரத்தைத் தூக்கி வைத்தாள், திரும்பி வந்து தள்ளினாள். பத்தடி போனதும் மறுபடி புதைந்தது.

நாயின் வாயோரம் எச்சில் கயிறாக இறங்கியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. வயிற்றில் கை வைத்தாள். அக்டோபர் வெயிலில் தகரம் கொதிக்க, நாயின் உடம்பு சில்லென்று இருந்தது.

தன் மாவு மில்லை நிறுத்தியது நினைவிருந்தது. கதவைப் பூட்டினாளா? இடுப்பில் முடிந்திருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள். சாவி இருப்பதால் கதவு பூட்டியிருப்பதாக ஆகாது. யாரோ ஒருத்தியின் மக்காச்சோளம் பாதி அரைபட்டுக் கிடக்கிறது. கால்நடை அலுவலகத்துக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். நான்கு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மணி இரண்டு இருக்கும். இரண்டரைகூட இருக்கலாம்.

எல்லாம் தெள்ளுப்பூச்சியால் வந்தது. மழை பொய்த்த அந்த வருடம் ஆகஸ்டிலேயே பூச்சி கிளம்பிவிட்டது. நாய் படுப்பது மில்லுக்கு அடியில், வெதுவெதுப்பான மாவுத்தூசியில். அரைக்க வந்த பெண்கள் வரிசையில் நின்றபடி ஒரு காலால் மற்றொரு காலைத் தேய்த்தார்கள். அப்புறம் ஒருத்தி சொன்னாள்.

"மில்லம்மா, மாவு அரைக்க வந்தா ரத்தமும் குடுத்துட்டுப் போகணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். செகெசாயும் சிரித்தாள். அன்று மாலை நாயின் மேல் சாம்பலைத் தேய்த்தாள். மறுநாள் துணி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். பூச்சியெல்லாம் முகத்துக்கு ஏறி, கண்ணைச் சுற்றிக் கறுப்பாக மொய்த்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தாள். நாய் இரண்டு நாள் அவள் பக்கமே வரவில்லை. பூச்சி மட்டும் போகவில்லை. பெண்கள் இரண்டு பேர் கடைத்தெரு மில்லுக்குப் போகத் தொடங்கினார்கள்.

இன்று காலை மாடு வைத்திருக்கும் கிழவர் ஒருவர் சின்ன சீசாவில் உண்ணி மருந்து கொண்டுவந்து கொடுத்தார். மாட்டுக்குத் தெளிப்பது. சீசாவில் காகிதம் கிழிந்திருந்தது.

"ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மூடி. அதுக்கு மேல வேணாம்" என்றார்.

ஒரு மூடிதான் ஊற்றினாள். ஆனால் அவள் கை பதினோரு வருடமாக அளக்கிற கை. தானியம் இல்லாமல் வருபவர்களுக்கு மாவைக் கோப்பையில் அளந்து விற்பாள். கோப்பை தலைதட்டியதும் கை தானாகவே இன்னொரு பிடி அள்ளிப் போடும். கொசுறு போடாத வியாபாரியிடம் அந்த ஊரில் யாரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள். மூடியைக் கவிழ்த்தாள். சீசாவை நிமிர்த்துவதற்குள் கை இன்னொரு முறை சாய்ந்துவிட்டது. எவ்வளவு என்று அவள் பார்க்கவில்லை. கொசுறை யாரும் அளப்பதில்லை.

நாய் ஈரத்தை நக்கிக்கொண்டு வெயிலில் படுத்தது. மதியம் எழுந்தபோது பின்னங்கால்கள் நிற்கவில்லை.

வழியில் யூனிஸ் வீடு. செகெசாயின் செத்துப்போன புருஷன் எனோக்கின் அக்கா. கட்டிய இடத்தில் வாழாமல் அப்பா மண்ணுக்குத் திரும்பி வந்தவள். எனோக்கைப் புதைத்த ஆறாம் மாதம், தம்பி வீட்டைத் தனக்கு விட்டுவிட்டுப் பிறந்த ஊருக்குப் போகும்படி செகெசாயிடம் சொன்னாள். செகெசாய் போகவில்லை. ஒரு நாய்க்குட்டி வாங்கி முச்சனேட்டா என்று பெயர் வைத்தாள். நீங்கள்தான் களைத்துப்போவீர்கள் என்று பொருள். ஷோனா மொழி பேசும் அந்த ஊர்க்காரர்கள் வாயால் சொல்ல முடியாததை நாய்க்குப் பெயராக வைத்துவிடுவார்கள். மூன்று வருடமாகத் தினமும் சாயங்காலம் வேலிப்பக்கம் நின்று, யூனிஸ் வீடு வரை கேட்கும்படி அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். யூனிஸ் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'அது' என்பாள்.

யூனிஸிடம் கழுதைவண்டி இருந்தது.

செகெசாய் வாசலைக் கடந்து போனாள். வண்டி புதைந்தது. நாயின் மூச்சை எண்ணினாள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவளுக்கு இரண்டு மூச்சு போனது. திரும்பி வந்தாள். வாசலில் முழங்காலை மடித்துக் கை தட்டினாள், மூத்தவர்களுக்கு வணக்கம் சொல்லும் முறைப்படி.

யூனிஸ் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு?"

"நான்தான் அண்ணி."

"நான்தான்னா?"

"எனோக் பொண்டாட்டி."

"ஓ. அவளா. வழி தெரியுதா இன்னும்?"

"நாய்க்கு முடியல அண்ணி. வண்டி வேணும்."

"எந்த நாய்க்கு?"

"நம்ம... மில்லு நாய்க்கு."

"மில்லு நாய்க்குப் பேரு இல்லையா?" யூனிஸ் ஒரு கடலையை வாயில் போட்டாள். "தினமும் என்னவோ காதுல விழுமே. காத்து அடிக்கிறதுல சரியாக் கேக்கல. இப்ப கிட்டத்துலதான் இருக்கேன், சொல்லு."

செகெசாய் தரையைப் பார்த்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு எளிதாக வந்த சொல் இப்போது வெளியே வரத் தயங்கியது. "முச்சனேட்டா" என்றாள் முணுமுணுப்பாக.

"சத்தம் பத்தல. வேலிக்கு அந்தப் பக்கம்னா நல்லா வருது."

"முச்சனேட்டா."

யூனிஸ் மடியை உதறிவிட்டு எழுந்தாள். "ஒரு கழுதைக்குத் தோள்ல புண்ணு. எப்படியும் கால்நடை ஆபீஸ் மபிகாகிட்டக் காட்டணும். உனக்காகப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாத."

நாயை வண்டியில் ஏற்றினார்கள். செகெசாய் தன் தலைத்துணியை அவிழ்த்து நாயைச் சுற்றினாள். கழுதைகள் நடந்தன. அவை ஓடமாட்டா என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்து காலால் பலகையைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"பலகைய உடைச்சிடாத" என்றாள் யூனிஸ். கொஞ்ச தூரம் போனபின், "மூச்சு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப தள்ளாம உக்காரு."

மபிகா அலுவலகக் கதவில் பூட்டை மாட்டிக்கொண்டிருந்தான். மாடுகளுக்கு ஊசி போடுகிற அரசாங்க ஆள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். நாயைப் பார்த்ததும் பூட்டைக் கழற்றிவிட்டு வந்தான். ஈறை அழுத்தினான். நெஞ்சில் காது வைத்தான்.

"என்ன தெளிச்சீங்க?"

செகெசாய் சீசாவைக் கொடுத்தாள். முகர்ந்தான்.

"எவ்வளவு?"

"ஒரு மூடி, வாளிக்கு."

"ஒரு மூடிக்கு இப்படி ஆகாதே."

"அப்புறம் கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

யூனிஸ் பதில் சொன்னாள். "கொசுறு போட்டிருப்பா. அவ கை அப்படி."

மபிகா தலையை ஆட்டினான். "விஷத்துக்குமா கொசுறு, மில்லம்மா?"

சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். செகெசாய் தேய்க்க, யூனிஸ் குடத்தைச் சாய்த்தாள். மூன்று முறை கழுவினார்கள். மபிகா ஓர் ஊசி போட்டான். கரித்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டையில் இறக்கினான். கறுப்பாகப் பாதி வெளியே வழிந்தது. சாக்கில் சுற்றச் சொன்னான்.

"பிழைக்குமா டாக்டரே?"

"நான் டாக்டர் இல்லம்மா. நெஞ்சு மெதுவா அடிக்குது, ஆனா அடிக்குது. காலைல எந்திரிச்சா எந்திரிச்சதுதான். ஒண்ணு சொல்றேன், பூச்சி நாய் மேல இருக்கிறத விட அது படுக்கிற தூசியிலதான் ஜாஸ்தி. அதைக் கூட்டாம நாயை என்ன பண்ணியும் புண்ணியமில்ல."

பிறகு நோட்டை எடுத்தான். தேதி எழுதினான்.

"நாய் பேரு?"

செகெசாய் சாக்கின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

"முச்சனேட்டா" என்றாள் யூனிஸ். "எழுதிக்கப்பா. யாரைச் சொல்றதுன்னு கேக்காத."

மபிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினான். "யார் வீடு?"

"க்வெடு" என்றாள் யூனிஸ்.

அவன் அதையும் எழுதிக்கொண்டான். ஷோனா மொழியில் எங்களுக்கும் நமக்கும் ஒரே சொல்தான். எங்கள் வீடு என்றாலும் க்வெடு, நம் வீடு என்றாலும் க்வெடு. செகெசாய் நிமிர்ந்து யூனிஸின் முகத்தைப் பார்த்தாள். யூனிஸ் கழுதையின் தோளை மபிகாவுக்குக் காட்ட வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் செகெசாய் அதைக் கேட்க நினைத்தாள். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். நாயின் மூச்சை எண்ணினாள். மில்லுக்கு வந்து சேர்ந்தபோது கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே எதுவும் காணாமல் போகவில்லை. யூனிஸ் நாயின் பின்பக்கத்தைப் பிடித்து இறக்கிவிட்டு, கைகளைப் பாவாடையில் துடைத்தாள்.

"தூசியைக் கூட்டு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

மறுநாள் ஏழு மணிக்குச் செகெசாய் பாதியில் நின்ற மூட்டையை அரைத்து முடித்தாள். மில்லுக்கு அடியிலிருந்த தூசியைக் கூட்டி, கிணற்றடிக்கு அப்பால் கொண்டுபோய்க் கொளுத்தினாள். அங்கே கிடந்த மூன்று பழைய சாக்குகளையும் சேர்த்துக் கொளுத்தினாள். பத்து மணிக்கு நாய் எழுந்தது, தண்ணீர் குடித்தது, கதவு நிலையில் சிறுநீர் கழித்தது, மறுபடி படுத்தது. ஆறு பேர் அரைக்க வந்தார்கள். ஒருத்தி காலைச் சொறிந்தாள். ஒருவர் நான்கு கோப்பை மாவு வாங்கினார். நான்குக்கும் கொசுறு போட்டாள். சீசாவைக் கிழவரிடம் திருப்பிக் கொடுத்தாள். யூனிஸ் வரவில்லை. சாயங்காலம் வேலிப்பக்கம் போய் நாயைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அது மில் வாசலிலேயே கிடந்தது.