எஸ்பியர்க்கில் ஒரு சைவ மீன்

யாழ்ப்பாணத்திலிருந்து மாமி, அப்பாவின் தமக்கை, டென்மார்க்கில் எங்கள் ஹேர்னிங் வீட்டுக்கு வந்திருந்தார். போரின் கடைசி மாதங்களில் அவருடைய ஒரே மகன் கடற்கரையில் காணாமல் போயிருந்தார். மகன் திரும்பி வரும்வரை மீனோ இறைச்சியோ தொடுவதில்லை என்று மாமி முருகனுக்கு நேர்ந்திருந்தார். தவறி ஒரு துண்டு நாக்கில் பட்டாலும் மகன் வரமாட்டார் என்று நம்பினார். அதனால் வெளியே எங்கும் சாப்பிடமாட்டார்.

எஸ்பியர்க் துறைமுகத்தைக் காட்டப் போன அன்று, அப்பா விசாரித்து வைத்திருந்த ஒரு தேநீர்க்கூடத்துக்கு மதியம் போனோம். வியட்நாம் பௌத்தர்கள் நடத்துவது, முழுக்கச் சைவம். வாசலில் புத்தர் சிலையைக் கண்டதும் மாமி நின்றுவிட்டார்.

"இவர் வியட்நாம் புத்தர், அக்கா."

"எந்த ஊராய் இருந்தால் என்ன? எங்கட வளவுக்குள்ள ஆமி கொண்டுவந்து குந்தவைச்சவரும் இவர்தானே."

ஆனாலும் பசி. உள்ளே வந்தார். சிறிய இடம், அப்பழுக்கில்லாத மேசைகள். மல்லிகைத் தேநீர் வந்தது. பிறகு வந்த காளான் சூப்பில் வெங்காயமும் இல்லை, உள்ளிப்பூண்டும் இல்லை. ஆனாலும் அறை முழுக்க மணத்தது. மாமி கோப்பையைச் சரித்துக் கடைசித் துளிவரை குடித்தார்.

அடுத்து நீள்தட்டில் ஒரு மீன் வந்தது. வால், செவுள், கீறிப் பொரித்த கருந்தோல், எல்லாம் இருந்தன. மாமி கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

"தம்பி, என்னை ஏமாத்தவோ கூட்டிக்கொண்டு வந்தனி?"

"சத்தியமாய்ச் சைவம்தான், அக்கா."

"எனக்குக் கண் பழுதில்லை."

சமையற்கார அம்மா வெளியே வந்தார். நான் டேனிஷில் விஷயத்தைச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. உள்ளே போய், சோயாப் பாலில் படியும் ஆடையைக் காயவைத்த தாள்களும் கடற்பாசியும் கொண்டுவந்தார். தாளை நனைத்து, மடித்து, கடற்பாசியால் போர்த்தி, விரல்நுனியால் வாலைக் கிள்ளி வடித்தார். எங்கள் கண்முன்னே ஒரு குட்டி மீன் பிறந்தது. அவ்வளவு துப்புரவான கைவேலையை நான் அதுவரை பார்த்ததில்லை.

மாமி கரையோரத்தில் பிறந்தவர். குனிந்து முகர்ந்தார். ஒரு துளி வாயில் வைத்தார். பிறகு பாதி மீன் அவருடைய தட்டுக்குப் போய்விட்டது.

"கெட்டிக்காரி! விளைமீன் தோத்துப்போகும். மீன் தின்னாத மனிசி ஏன் மீனைச் செய்யிறா? கேள்."

கேட்டேன். படகில் நாட்டைவிட்டு வந்தபோது தன் அண்ணன் கடலில் விழுந்துவிட்டார் என்றார் அவர். அண்ணனுக்கு மீன் பிரியம். அவருடைய நினைவுநாளில் தங்கள் தாயார் இப்படிச் செய்து படைப்பாராம்.

"உடம்பு கிடைச்சதோ?"

"இல்லையாம், மாமி."

"அப்ப எந்த நாளில திவசம் செய்யினம்?"

"அவவின்ர தாய் கனகாலம் பாத்துக்கொண்டு இருந்தவவாம். பிறகு தானே ஒரு நாளைத் தெரிஞ்செடுத்தவவாம்."

ஒரு சொல்லிலும் தடுமாறாமல் மொழிபெயர்த்த பெருமை எனக்கு. மாமி தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். புறப்படும்போது அந்தச் சமையற்கார அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

கார் ஊரைத் தாண்டியதும் கேட்டார்:

"தம்பி, இண்டைக்கு என்ன திதி?"

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். சிக்னல் போட்டு, வீதியோரம் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பெற்றோல் முடிந்துவிட்டதோ என்று நான் எட்டி முள்ளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது.